குமுளிக் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்: பேஜ், ரிவ்யூ, கடையின் பெயர்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், விசிட்டிங் கார்டு என்று ஆரம்பித்தது. இப்போது ஏலக்காய்க் கடை, ஹோம்ஸ்டே, ஜீப் ஓட்டுகிறவர்களின் பேஜைப் பார்த்துக் கொடுப்பதும் சேர்ந்துவிட்டது. எனக்குச் சொந்த ஊர் கம்பம். காலையில் மலை ஏறுவேன், இருட்டியதும் இறங்குவேன். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளி. கேள்விகள் மட்டும் ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

எனக்குத்தான் ஃபேஸ்புக் கணக்கு இருக்கிறதே தம்பி, கடைக்கென்று தனியாக எதற்கு?

வேண்டும் அண்ணே. சொந்தக் கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. பேஜுக்கு அந்த வரம்பில்லை. அதோடு, சொந்தக் கணக்கை முழுக்க வியாபாரத்துக்கு ஓட்டுவது ஃபேஸ்புக் விதிக்கே எதிர். ஒரு நாள் முடக்கிவிட்டால் உங்கள் கல்யாணப் போட்டோவும் வாடிக்கையாளர் லிஸ்ட்டும் சேர்ந்தே போகும்.

அதைவிடப் பெரிய காரணம் வாய். சொந்தக் கணக்கில் நாம் எதையாவது பேசுவோம்: அரசியல், கிரிக்கெட், மாமியார் வீட்டுச் சண்டை. கடையின் பெயரில் அதைப் பேச முடியாது. நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். சென்னை அணி தோற்ற கடுப்பில் ஒரு கமென்ட் போட்டேன். அது என் பெயரில் போகாமல், நான் பார்த்துக் கொடுக்கும் ஒரு ஹோம்ஸ்டேயின் பெயரில் போய்விட்டது. கமென்ட் பெட்டிக்குப் பக்கத்தில் குட்டியாக இருக்கும் படத்தை நான் கவனிக்கவில்லை. இருபது நிமிடத்தில் அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள், மறுவாரம் அதே ஹோம்ஸ்டேயில் ரூம் போட்டிருந்த பெங்களூர்க் குடும்பம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, 'நாங்கள் வரலாமா, வேண்டாமா?' என்று கேட்டுவிட்டது. சிரிப்புப் பொம்மையோடுதான் கேட்டார்கள். ஓனர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கடை பேஜ்கள் எல்லாம் ஒரு போனில், என் வம்பு இன்னொரு போனில்.

எந்த மொழியில் எழுதுவது?

எல்லைக்கே உரிய கேள்வி இது. கோயம்புத்தூர்க்காரருக்கோ கோட்டயத்துக்காரருக்கோ இந்தத் தலைவலி கிடையாது. நம் பேஜை மதுரைக்காரர் தமிழில் படிக்கிறார், சங்கனாச்சேரிக்காரர் மலையாளத்தில் படிக்கிறார், மும்பைக்காரர் ஆங்கிலத்தில் படிக்கிறார். மூவரும் ஒரே பதிவின் கீழ்தான் நிற்கிறார்கள். தமிழருக்கு ஒரு பேச்சு, மலையாளிக்கு ஒரு பேச்சு என்று இங்கே வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு பேரும் வாசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும்.

நான் செய்வது: முதலில் எந்த மொழி சரளமோ அதில் எழுதுவேன், கீழே மற்ற மொழியில் இரண்டு வரி. கூகுள் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்ட மாட்டேன், எதிர்க்கடைச் சேச்சியிடம் ஒருமுறை காட்டிவிடுவேன். ஏன் என்றால், இரண்டு மொழியும் அக்கா தங்கை. ஒரே சொல் இந்த வீட்டில் ஒன்று, அந்த வீட்டில் வேறு. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். ஒரு தங்கும் விடுதி தன் வசதிகளைத் தமிழில் போடச் சொல்லி யாரிடமோ கொடுத்திருக்கிறது. '24 மணி நேரமும் சூடான வெள்ளம் உண்டு' என்று பளபளப்பாக வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இப்படி ஒரு விளம்பரம்! மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். நம் பக்கமோ அனுமந்தன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று வரிசையாக ஊர்கள். கிளை திறப்பு விழா அறிவிப்பை மலையாளத்தில் போடும்போது கீழே நாலு பேர் சிரித்து வைப்பார்கள். கோபப்படாதீர்கள், கூடச் சேர்ந்து சிரித்துவிடுங்கள். அப்படிச் சிரித்த ஒரு பேக்கரிக்காரருக்கு அந்தப் பதிவுதான் அந்த வருடத்திலேயே அதிகம் பேர் பார்த்தது.

பெரியாறு விவகாரம் சூடாகும்போது என்ன போடுவது?

2011 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பயமும் கோபமும் இரண்டு பக்கமும் ஏறி, குமுளி வழியாக வண்டி போவதே நின்றது. அப்போது நம் கையில் வாட்ஸ்அப் இந்த அளவுக்கு இல்லை. 2018 வெள்ளத்தின்போது இருந்தது. அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. அது பொய் என்று கேரள அரசே சொல்ல வேண்டி வந்தது. அதை ஃபார்வர்டு செய்தவர்களில் கடை நம்பரிலிருந்து செய்தவர்களும் உண்டு. 'உங்களை நம்பித்தானே மிளகு வாங்குகிறேன், இதையும் நம்பிவிட்டேன்' என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதாக ஒருவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

கடையின் பேஜிலிருந்து பக்கம் எடுக்காதீர்கள். அணையில் தண்ணீர் 142 அடி வரை நிற்கலாமா, 136 அடியா என்பதில் உங்களுக்குக் கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. என் சொந்தக் கணக்கில் சொல்வேன். கடைப் பேஜில் வேறு ஒன்றுக்கு அந்த நாட்களில் பெரிய மதிப்பு: ரோடு திறந்திருக்கிறதா, பஸ் ஓடுகிறதா, கடை எத்தனை மணி வரை, ரூம் போட்டவர்கள் தேதி மாற்றிக்கொள்ளலாமா. நீங்களே கண்ணால் பார்த்ததை, பார்த்த நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். பெயர் எடுக்க அதைவிட நல்ல சமயம் வராது.

அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படம் போடலாமா என்று கம்பம் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15 அன்று பள்ளத்தாக்கில் பொங்கல் வைத்து நன்றி சொல்கிறோம். தாராளமாகப் போடுங்கள். போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், அவ்வளவுதான். கீழே வரும் சண்டையை நீங்கள் நடத்தவில்லை என்றாலும் அது உங்கள் வாசலில்தான் நடக்கிறது. அசிங்கமான கமென்ட்டுகளை, எந்த மொழியில் வந்தாலும், மறைத்துவிடுங்கள். ஒரு மொழியில் வந்ததை மட்டும் மறைத்தால் நீங்கள் பக்கம் எடுத்ததாகத்தான் ஆகும்.

கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டிவிட்டார்கள். அழிக்க முடியுமா?

உங்களால் முடியாது. விதியை மீறிய ரிவ்யூ என்றால், அதாவது ஆபாசம், மிரட்டல், கடைக்கு வராமலே எழுதியது, போட்டிக் கடைக்காரர் எழுதியது என்றால், கூகுளிடம் புகார் கொடுக்கலாம். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் கையில். 'விலை அதிகம், பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை' என்பதெல்லாம் விதிமீறல் ஆகாது. அதற்குப் பதில்தான் எழுத வேண்டும்.

பதில் எழுதுவதற்கு முன் ஒரு டீ குடியுங்கள். உண்மையாகச் சொல்கிறேன், கோபத்தில் எழுதிய பதில்தான் கடையைக் கெடுக்கிறது. ரிவ்யூ எழுதியவரைச் சமாதானம் செய்வது இரண்டாவது வேலை. அதைப் படித்துவிட்டு 'இங்கே போகலாமா' என்று யோசிக்கும் அடுத்த ஆளுக்குத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். ஓர் ஏலக்காய்க் கடைக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

'வணக்கம். நீங்கள் வந்த நாளின் பில்லைப் பார்த்தோம். நீங்கள் வாங்கியது 8 மில்லிமீட்டர் ரகம், அன்றைக்கு விலைப் பலகையில் இருந்த விலைதான். ஆனால் ரகத்துக்கு ரகம் விலை மாறும் என்று எங்கள் பையன் உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பாக்கெட்டைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், பணத்தைத் தந்துவிடுகிறோம்.'

அவர் பாக்கெட்டை அனுப்பவில்லை. ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்கிவிட்டுப் போய்விட்டார். எழுதியவரே தன் ரிவ்யூவை எப்போது வேண்டுமானாலும் மாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

செய்யக் கூடாததும் ஒன்று இருக்கிறது. விருந்தாளியின் ஆதார் நகல், சிசிடிவி படம், 'இவர் குடித்துவிட்டு வந்தார்' என்ற கதை, இதில் எதையும் பதிலில் போடாதீர்கள். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், 'நாளைக்கு என் படத்தையும் போடுவார்கள்' என்றுதான் அடுத்தவர் நினைப்பார்.

அப்புறம், ஆட்டோ, டாக்ஸி கமிஷன். 'டிரைவர் கூட்டி வந்ததால் விலை கூடியது' என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது பொய்யென்றால் விலைப் பலகையைப் போட்டோ எடுத்து வாராவாரம் பேஜில் போடுங்கள். மெய்யென்றால் என்னிடம் வராதீர்கள், நான் எழுதிக் கொடுக்கிற எந்தப் பதிலாலும் அது கழுவாது.

காசு கொடுத்தால் நூறு நல்ல ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்கிறார்களே?

வேண்டாம். '5 நட்சத்திரம் கொடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி' என்று கவுண்டரில் ஒட்டுவதும் கூகுள் விதிப்படி தவறுதான். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது; அரசின் கண்ணும் இதில் இருக்கிறது. அதெல்லாம் போகட்டும், ஒரே நாளில் வந்த நாற்பது ரிவ்யூவிலும் 'நைஸ் பிளேஸ், குட் சர்வீஸ்' என்று இருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பில் கொடுக்கும்போது 'முடிந்தால் கூகுளில் நாலு வார்த்தை எழுதுங்கள்' என்று வாயால் கேளுங்கள். பத்தில் ஒருவர் எழுதினாலும் போதும்.

ஏலக்காய் போட்டோவைக் கொஞ்சம் பச்சையாக்கிப் போடலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எல்லோரும் கேட்கிறார்கள், யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

போனில் ஃபில்டர் போட்டால் காய் மரகதம் மாதிரி மின்னும். சென்னையில் பார்சலைப் பிரிக்கிறவர் வெளிறிய பச்சையைப் பார்த்து 'பழைய சரக்கை அனுப்பிவிட்டான்' என்று எழுதுவார். இல்லையென்றால் பேஜில் இருக்கும் அந்தப் பச்சையைப் பார்த்து 'சாயம் போடுகிறார்கள்' என்பார். ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றுவது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செய்யாத குற்றத்துக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுப்பதா? காலை பத்து மணி வெயிலுக்கு ஒதுங்கிய வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில் காயைப் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ஆறு மில்லியா, ஏழா, எட்டா என்று எழுதுங்கள். புற்றடி ஏலத்திலும் போடி ஏலத்திலும் காயின் அளவும் நிறமும் பார்த்துத்தான் வியாபாரிகள் விலை கேட்கிறார்கள். வீட்டுக்கு நூறு கிராம் வாங்குகிறவருக்கும் அதே மரியாதையைக் கொடுப்போமே. அடுத்த கடையின் படத்தை எடுத்துப் போடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களின் படம் போட்டால் லைக் நிறைய வருகிறது. போடலாம்தானே?

அவர்களிடம் கேட்டீர்களா? விடியும் முன்னே கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறி வருகிறவர்களில் என் சித்தியும் ஒருவர். அழுக்குச் சட்டையும் தலைத் துண்டுமாக வேலை செய்கிற தன் படத்தை, தெரியாத ஒரு கம்பெனியின் பேஜில் மகள் பார்த்துவிட்டுச் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. 'நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னைக் கேக்கலையே' என்றார். கேட்டிருந்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்திருப்பார், அந்தப் படமும் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

கேளுங்கள், சம்மதித்தால் எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். குழந்தைகள் படத்தில் வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

யூடியூபர் ஒருவர் இரண்டு நாள் இலவசமாகத் தங்க இடம் கேட்கிறார்.

கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுத்தால், இலவசமாகத் தங்கியதை அவர் வீடியோவில் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன. பணம் மட்டுமல்ல, இலவசத் தங்கலும் பரிசும்கூட அந்தக் கணக்கில் வரும். 'சொல்ல மாட்டேன்' என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அவருடைய பழைய வீடியோக்களின் கமென்ட்டுகளை முதலில் படியுங்கள். ஆறு லட்சம் பேர் பின்தொடர்ந்தாலும் அதில் எத்தனை பேர் குடும்பத்தோடு தேக்கடி வருகிறவர்கள்? என் அனுபவத்தில் மதுரையிலிருந்து பிள்ளைகளோடு வந்து, சமையல்காரரின் குழிப்பணியாரத்தைப் பாராட்டி எட்டு வரி எழுதிய ஓர் அக்கா கொண்டுவந்த ஆட்களை எந்தப் பிரபலமும் கொண்டுவரவில்லை.

பேஜை ஆரம்பித்துக் கொடுத்த மச்சான் துபாய் போய்விட்டான். பாஸ்வேர்டு அவனிடம்.

மாதம் ஒருவராவது இந்தக் கதையோடு வருகிறார். மச்சான் நல்லவர் என்றால் போன் போட்டால் முடிந்தது: உங்களை அட்மினாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கூகுள் கடை விவரத்தில் 'ஓனர்' வேறு, 'மேனேஜர்' வேறு. உங்களை ஓனராக மாற்றச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத மச்சான் என்றால் கூகுளிலேயே உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், அவர் சில நாட்கள் பதில் சொல்லாவிட்டால் மேலே நகர்த்த வழி இருக்கிறது. ஃபேஸ்புக்கில் அது கொஞ்சம் இழுத்தடிக்கும்.

இனி எந்தப் பேஜுக்கும் இரண்டு அட்மின், அதில் ஒருவர் முதலாளி. கணக்கோடு சேர்த்த மொபைல் எண் உங்கள் பெயரில் இருக்கும் சிம்மாக இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். வேலையை விட்டுப் போகிற பையனின் அனுமதியை, கடைச் சாவியை வாங்கும் அதே நாளில் எடுத்துவிடுங்கள்.

என் ஹோம்ஸ்டே பெயரில் போலிப் பேஜ் ஆரம்பித்து முன்பணம் வாங்குகிறார்கள்!

உடனே செய்ய வேண்டியது ஸ்கிரீன்ஷாட். பேஜின் முகவரி தெரிகிற மாதிரி எடுங்கள். அவர்கள் கொடுக்கும் மொபைல் எண், யுபிஐ ஐடி எல்லாம் அதில் வரட்டும். புகார் கொடுத்ததும் அவர்கள் பேஜை அழித்துவிட்டால் உங்கள் கையில் இது மட்டும்தான் மிஞ்சும். பிறகு அந்தத் தளத்திலேயே ஆள்மாறாட்டம் என்று புகார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வரும், மூன்று வருடம் வரை சிறை. ஏமாந்தவர் திண்டுக்கல், ஹோம்ஸ்டே குமுளி, எந்த ஸ்டேஷன் என்று குழம்ப வேண்டாம். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவுசெய்ய இடம் தருகிறது. 'அது கேரளா, அங்கே போ' என்று யாராவது சொன்னால் பணிவாக இதை நினைவுபடுத்துங்கள்.

உங்கள் உண்மையான பேஜில் மேலே ஒரு பதிவைக் குத்தி வையுங்கள்: எங்கள் நம்பர் இதுதான், முன்பணம் இந்தக் கணக்குக்கு மட்டும்தான்.

என்னைத் திட்டி எழுதியவன் மேல் கேஸ் போட முடியுமா?

முடியும், ஆனால் யோசியுங்கள். அவதூறு என்பது இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது. '66ஏ-வில் உள்ளே தள்ளுவேன்' என்று இன்னும் சிலர் மிரட்டுகிறார்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைத் தண்டித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கேரள அரசும் 2020 நவம்பரில் போலீஸ் சட்டத்தில் அதே மாதிரி 118ஏ என்று ஒரு பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. கேஸ் போட்டால் இருபது பேர் படித்த ரிவ்யூவை இருபதாயிரம் பேர் படிப்பார்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டதற்கு அட்மின் நான் மாட்டுவேனா?

அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக மாட்ட மாட்டீர்கள். கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. மதுரைக் கிளையும் அதற்குச் சற்று முன், 2021 டிசம்பரில், அதே வழியில் போனது. ஆக எல்லைக்கு இரண்டு பக்கமும் நிம்மதி. ஆனால் கடையின் பெயரில் இருக்கும் குரூப் என்றால் சட்டம் விட்டாலும் ஊர் விடாது. கஸ்டமர் குரூப்பில் அட்மின் மட்டும் அனுப்பும்படி செட்டிங்கை மாற்றிவிடுங்கள்.

தினமும் ஏதாவது போட வேண்டுமா? குட் மார்னிங் அனுப்பலாமா?

இல்லை. கூடவே கூடாது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். குட் மார்னிங்கில் எரிச்சலாகி அவர்கள் நம்பரை அழித்தால் உங்கள் விலைப் பட்டியலும் போகாது.

மகன் கொச்சியில் வேலைக்கு முயற்சி செய்கிறான். அவன் பழைய பதிவுகள்?

அவன் பெயரை அவனே கூகுளில் தேடிப் பார்க்கட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளை எல்லாம் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்ற வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். ஒன்றுமே இல்லாத கணக்கும் பார்க்கிறவருக்குச் சந்தேகம்தான். மலையாளிகளைக் கேலி செய்த மீம்கள் இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். போன மாதம் ஒரு பையனுக்கு நானே உட்கார்ந்து பதினேழு அழித்தேன்.

மேப்பில் என் கடை தமிழ்நாட்டில் காட்டுகிறது. இதுவுமா என் இமேஜ்?

இதுதான் முதல் இமேஜ்! குமுளியில் ரோட்டைத் தாண்டினால் வேறு மாநிலம். குறியை இருபது அடி தள்ளி வைத்தால் போதும், கோட்டயத்திலிருந்து வருகிறவர் செக்போஸ்ட்டைத் தாண்டி நின்றுகொண்டு உங்களைத் திட்டுவார். கடை வாசலில் நின்று குறியைச் சரியாக வைத்துவிட்டு, முகவரியில் மாநிலத்தைப் பாருங்கள், பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரை மட்டும் எழுதுங்கள். 'பெஸ்ட் ஸ்பைசஸ் தேக்கடி லோ பிரைஸ்' என்றெல்லாம் கடைப் பெயரோடு ஒட்டினால் கூகுள் முடக்கிவிடும். சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம்.